ஹவுரா தந்த ஆட்டத் தலைவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் கம்பனையும் இளங்கோவையும் மேடைக்கு அழைப்பது நம் மரபு. அம்மரபுக்கு நாம் பகைவர் அல்லர். எனினும், நாம் உண்டு உறங்கி வாழும் இந்த ஊரையே ஒரு நூலாகக் கொண்டு, அதில் ஓர் ஏட்டை இன்று புரட்டிப் பார்க்கலாம் என்று எண்ணினோம். ஹவுரா என்றதும் ஊரிலுள்ள நம் உறவினர்க்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, சென்னை மெயில் வந்து நிற்கும் நிலையம். மற்றொன்று, 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாலம். மூன்றாவதாக ஒன்று கூறுக என்றால் நம்மிற் பலர் தயங்குவோம். மூன்றாவதாகக் கூறத்தக்கது இரும்பாலும் செங்கல்லாலும் ஆனதன்று. அது ஒரு மனிதரின் பெயர். சைலேன் மன்னா என்பது அப்பெயர்.

மன்னா 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இந்த ஹவுராவில் பிறந்தார். 1940-இல் ஹவுரா யூனியன் என்னும் இரண்டாம் பிரிவுக் கழகத்தில் கால்பந்தாடத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் ஆற்றைக் கடந்து மோகன் பகானுக்குச் சென்றார். சென்றவர் 1960 வரை, பத்தொன்பது பருவங்கள், அந்த ஒரு கழகத்துக்காகவே ஆடினார். பின்வரிசையில் நின்று எதிரியைத் தடுப்பது அவர் பணி. கோலடிப்பவனுக்குக் கிடைக்கும் ஆரவாரம் தடுப்பவனுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் நெடுந்தொலைவிலிருந்து அவர் உதைக்கும் ஃப்ரீ கிக்கைக் காண்பதற்கென்றே மைதானத்தில் மக்கள் கூடுவர்.

அக்காலத்து வங்காளத்தில் வெறுங்காலோடு ஆடுவதே வழக்கமாக இருந்தது. அதில் வறுமைக்கும் பங்குண்டு, பெருமைக்கும் பங்குண்டு. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதல்லவா? அன்று பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினர். பூட்ஸ் அணிந்த வெள்ளையரை வெறுங்காலர் வென்ற அந்த நாளை இந்த மாநிலம் இன்றும் மறக்கவில்லை. ஆதலால் வெறுங்கால் என்பது இங்கு ஒரு கொடியைப் போல ஆயிற்று. கொடியாக ஆகிவிட்ட ஒன்றை மாற்றுவது எளிதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. உலகப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியக் கால்பந்து அணிக்கு நாகர் குலத்துத் தாலிமேரன் ஆவ் தலைவர். அவர் கல்கத்தாவில் மருத்துவம் பயின்ற மாணவர். அணியில் நம் மன்னா இருந்தார். சாரங்கபாணி ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு என்னும் தென்னாட்டு வீரரும் இருந்தனர். இப்பெயர்களைக் கேட்கும்போது நம் காலனியின் வருகைப் பதிவேட்டைப் படிப்பது போலவே தோன்றுகின்றது.

ஜூலை 31-ஆம் நாள், லண்டனை அடுத்த இல்ஃபோர்டு என்னுமிடத்தில், இந்தியா பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலினர். முதலில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்தது. எழுபதாம் நிமிடத்தில் ராமன் பதில் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியா அடித்த முதற் கோல் அதுவே. அதை அடித்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு சாரங்கபாணி ராமன் என்பதை நம் குழந்தைகள் நெஞ்சிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆனால் ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருந்த நிலையில் பிரான்ஸ் மீண்டும் ஒரு கோல் அடித்து வென்றது.

இதனினும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. அன்று இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தன. இரண்டும் வீணாயின. ஒன்றை மகாவீர் பிரசாத் தவறவிட்டார். மற்றொன்றைத் தவறவிட்டவர் சைலேன் மன்னா. அரை மைல் தொலைவிலிருந்து உதைத்தாலும் தப்பாது என்று புகழப்பெற்ற கால், பன்னிரண்டே கஜத்தில் தப்பியது! இரண்டில் ஒன்று கோலாகியிருந்தாலும் அன்றைய தோல்வி தோல்வியாக இருந்திராது.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க விரும்புகிறோம். நம் வீட்டுப் பிள்ளை ஒரு தேர்விலே, ஒரே ஒரு வினாவிலே தவறினால் நாம் என்ன செய்கிறோம்? அன்று மாலையே பந்தைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். மன்னாவுக்கு அப்போது வயது இருபத்து மூன்று. உலகத்தின் முன்னிலையில் தவறிய அவரைக் கழகமும் நாடும் ஒதுக்கியிருந்தால், ஏன் என்று கேட்பார் இருந்திருக்கமாட்டார். ஆனால் அவரை யாரும் ஒதுக்கவில்லை, அவரும் ஒதுங்கவில்லை. மூன்றே ஆண்டுகளில் அவர் இந்திய அணியின் தலைவரானார்.

1951-ஆம் ஆண்டு மார்ச் 4 முதல் 11 வரை புதுதில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் பந்தயங்கள் நடைபெற்றன. அதற்கு முயன்றவர்களுள் முதன்மையானவர் குரு தத் சோந்தி. பதினொரு நாடுகள் கலந்துகொண்டன. போரிற் சிதைந்து, லண்டன் ஒலிம்பிக்கிற்கு அழைக்கப்பெறாத ஜப்பானும் தில்லிக்கு வந்தது. வந்து முதலிடத்தையும் பெற்றது. பதினைந்து தங்கப் பதக்கங்களோடு இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அவற்றுள் முதற்பதக்கம் நீச்சலிற் கிடைத்தது. காசியிற் பிறந்து கல்கத்தாவில் நீந்திய சச்சின் நாக் நூறு மீட்டர் நீச்சலில் அதனை வென்றார்.

கால்பந்தில் ஆறு நாடுகள். இந்தோனேசியாவை மூன்றுக்கு ஒன்றுமில்லை என்று வென்றோம். ஆப்கானிஸ்தானத்தையும் அவ்வாறே வென்றோம். மார்ச் 10-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றது ஈரான். மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா வென்றது. மூன்று ஆட்டங்களில் நாம் அடித்தவை ஏழு கோல்கள். நம் வலைக்குள் விழுந்தது ஒன்றுமில்லை. ஏழில் நான்கு மேவாலாலுக்கு உரியவை. அவர் பிறந்தது பீகாரில். ஆடிப் புகழ் பெற்றது கல்கத்தாவில். கிழக்கு ரயில்வே அணியின் முன்வரிசை வீரர். நம்மைப் போலவே வெளியிலிருந்து வந்து இந்த மண்ணில் வேரூன்றியவர். அணிக்குப் பயிற்சி அளித்தவர் ஹைதராபாத்துப் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். ஆசியக் கண்டத்தின் முதற் கால்பந்துப் பொற்பதக்கத்தைத் தலைமை தாங்கிப் பெற்றவர் ஹவுராவின் மன்னா. பின்வரிசையில் தலைவர் நிற்க, மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் உள்ளே புகவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், லண்டனில் பட்ட கடனை அவர் எவ்வாறு தீர்த்தார் என்பது விளங்கும்.

இத்தோடு உரையை நிறுத்தினால் கைதட்டலுக்கு நல்ல இடம். ஆயினும் வென்ற கதையை மட்டும் சொல்லி, தோற்ற கதையை மறைத்தல் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். ஆகவே அடுத்த ஆண்டுக்குச் செல்வோம். 1952-இல் ஒலிம்பிக் பந்தயங்கள் பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியில் நடைபெற்றன. அந்நாட்டைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் தகும்.

பின்லாந்தின் அக்கால மக்கள் தொகை ஏறத்தாழ நாற்பது இலட்சம். கல்கத்தாவும் ஹவுராவும் சேர்ந்தால் அவ்வளவு மக்களைக் காட்டிவிடலாம். போரிலே அந்நாடு கரேலியா என்னும் பகுதியை இழந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு எஞ்சிய நாட்டுக்குள் வந்து குடியேறினர். 1947-க்குப் பின் இதே ஹவுரா நிலையத்தின் மேடைகளிலும் ஏதிலிகள் குடும்பம் குடும்பமாகத் தங்கியிருந்ததை அறிந்தோர்க்கு அத்துயரின் அளவு தெரியும். போதாக்குறைக்குச் சோவியத் நாட்டுக்குப் போர் இழப்பீடாகக் கப்பல்களும் பொறிகளும் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1952 செப்டம்பரில்தான் அந்தக் கடன் தீர்ந்தது.

இவ்வளவு இடர்களுக்கிடையிலும் அவர்கள் ஓடுவதை நிறுத்தவில்லை. 1948-இல் லண்டனில் பின்லாந்து எட்டுத் தங்கம் உட்பட இருபது பதக்கங்களை வென்றது. உடற்பயிற்சிக் கலையில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. ஒரே பிரிவில் ஹுஹ்டானென், ஆல்டோனென், சவோலைனென் என்னும் மூன்று பின்லாந்தியர் சமமான புள்ளிகள் பெற்று, மூவரும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். அவர்களுள் சவோலைனென் நாற்பது வயதைக் கடந்தவர். நான்கு ஆண்டுகள் கழித்து, தம் நாட்டு மண்ணில், எல்லா நாட்டு வீரர்கள் சார்பிலும் உறுதிமொழி கூறியவரும் அவரே. 1952-இல் பின்லாந்து ஆறு தங்கம் உட்பட இருபத்திரண்டு பதக்கங்கள் பெற்றது. ஜூலை 19-ஆம் நாள் தீபத்தை ஏந்தி அரங்கினுள் ஓடி வந்தவர் பாவோ நூர்மி. ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற அந்த மாபெரும் ஓட்டக்காரருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அவர் ஓடிவந்த அரங்கின் கோபுரம் 72.71 மீட்டர் உயரம். அது கண்டபடி அமைந்த அளவன்று. 1932-இல் மாட்டி யார்வினென் என்னும் பின்லாந்தியர் ஈட்டி எறிந்து வென்ற தொலைவு எதுவோ, அதுவே கோபுரத்தின் உயரம். நாம் கோபுரங்களை இறைவனுக்கு எடுக்கிறோம். அவர்கள் ஒரு வீரனின் முயற்சிக்கு எடுத்தார்கள்.

அந்த ஹெல்சிங்கிக்குத்தான் மன்னா தலைமையில் நம் அணி சென்றது. ஆசியாவின் வெற்றி வீரர்கள் என்ற பெயரோடு சென்றது. தொடக்க விழாவுக்கு முன்பே, ஜூலை 15-ஆம் நாள், முதற்சுற்றில் யூகோஸ்லாவியாவை எதிர்த்தது. முடிவு: பத்துக்கு ஒன்று. பத்து அவர்களுக்கு, ஒன்று நமக்கு. நமது ஒன்றையும் அகமது கான் ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்தார். நம்மவரிற் பலர் அந்தக் குளிர் நாட்டிலும் வெறுங்காலோடு ஆடினர். மைதானத்தில் நம்மைக் காத்த வெறுங்கால், வடதுருவத்தை அடுத்த புல்வெளியில் காக்கவில்லை.

தோல்வி வந்தபின் மனிதர் இருவகையாகப் பேசுவர். விதியையும் வானிலையையும் பழிப்பார் ஒரு சாரார். எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தேடுவார் மற்றொரு சாரார். நம் கால்பந்தாளர்கள் இரண்டாம் வழியைக் கொண்டனர். ஹெல்சிங்கிக்குப் பின் பூட்ஸ் அணிந்து ஆடுதல் கட்டாயமாக்கப்பட்டது. 1911-இன் பெருமையைக் காலிலிருந்து கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டனர் என்று சொல்லலாம். பழையதை மதிப்பது வேறு, பழையதையே கட்டிக்கொண்டு அழுவது வேறு என்னும் பாடம் இதில் உண்டு. வெளியூரில் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அப்பாடம் மிகவும் பயன்படும்.

அதன் பயன் விரைவிலே தெரிந்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் எதிர்நின்றது அதே யூகோஸ்லாவியா! இம்முறை முதற்கோல் நம்முடையது. முடிவில் நான்குக்கு ஒன்று என்று தோற்றோம் எனினும், பத்துக்கும் நான்குக்கும் இடையிலுள்ள தொலைவு நான்கு ஆண்டு உழைப்பின் தொலைவு. இறுதியில் நான்காம் இடம் கிடைத்தது. 1960-இல் ரோமில் 1948-இன் பிரான்ஸ் மீண்டும் எதிர்ப்பட்டது. ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். 1962-இல் ஜகார்த்தா ஆசியப் பந்தயத்தில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். இறுதி ஆட்டத்தில் வந்து நின்றதும் அதே தென்கொரியா. தலையிலே தையல் போட்ட காயத்தோடு ஜர்னைல் சிங் முன்வரிசையில் ஆடி ஒரு கோல் அடித்தார், பி. கே. பானர்ஜி மற்றொன்று அடித்தார். இரண்டுக்கு ஒன்று என்று இரண்டாம் பொற்பதக்கம் பெற்றோம். பயிற்சி ஆசிரியர் ரஹீம் மறு ஆண்டு ஜூனில் நோயினால் மறைந்தார். ஓர் ஆசிரியர் பெறத்தக்க மிகச் சிறந்த விடைபெறல் அது.

அந்த ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். முன்வரிசையில் ஆடியவர்களுள் ஒருவர் துளசிதாஸ் பலராம். இருவரும் ஹைதராபாத்துப் பகுதியிற் பிறந்தவர்கள். இருவரும் கல்கத்தாவில் ஆடிப் புகழ் பெற்றவர்கள். பலராமின் பெற்றோர் தமிழர். செகந்திராபாத்தை அடுத்த சிற்றூரில் வறுமையில் வளர்ந்து, ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு வந்து, இரண்டு ஒலிம்பிக்குகளில் ஆடினார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். உடல்நலம் குன்றியமையால் இருபத்தேழு வயதளவிலேயே ஆட்டத்தை விட நேர்ந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. நம் மாவட்டத்துப் பாலியைக் கடந்தவுடன் வரும் உத்தர்பாராவில், கங்கைக் கரையில், தம் முதுமையைக் கழித்தார். 2023 பிப்ரவரி 16-ஆம் நாள் மறைந்தார். நமக்கு இத்தனை அருகில் ஒரு தமிழ்ப் பெற்றோரின் மகன், ஒலிம்பிக் வீரர், வாழ்ந்திருந்தார். நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவரைக் காட்டினோம்? இக்கேள்வியைக் குறைகூறும் பொருட்டன்று, இனியேனும் விழித்திருக்கும் பொருட்டே எழுப்புகிறோம்.

பெண் குழந்தைகளைப் பெற்றோர்க்கும் ஒரு செய்தி உண்டு. ஹெல்சிங்கிக்குச் சென்ற இந்தியக் குழுவில் கல்கத்தாவின் ஆரத்தி சாகாவும் இருந்தார். அப்போது அச்சிறுமிக்குப் பன்னிரண்டு வயது நிரம்பவில்லை. ஹெல்சிங்கியில் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றார், அம்முயற்சியும் நிறைவேறவில்லை. ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29-ஆம் நாள், மீண்டும் நீரில் இறங்கி அக்கரை சேர்ந்தார். கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. இடுக்கணழியாமை என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு உரை எழுதுவார் எழுதட்டும், ஆரத்தி சாகா நீந்தியே உரை செய்தார்.

இனி மன்னாவிடம் திரும்புவோம். அவர் ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர். நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிக்கொண்டே ஆடினார். காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம், மாலையில் ஆட்டம். நம் காலனியில் அலுவலகம் சென்று வருவோர் இவ்வாழ்க்கையை நன்கு அறிவர். அவருக்குக் கூடுதலாக ஒரு பந்து இருந்தது, அவ்வளவே வேறுபாடு. 1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2012 பிப்ரவரி 27-இல் காலமானார். ஹவுரா மாநகராட்சியின் விளையாட்டரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவ்வழியே பேருந்தில் செல்லும் நம் பிள்ளைகள் அப்பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பர். இனிப் பொருளோடு பார்ப்பார்கள் என்று நம்புகிறோம்.

ஜகார்த்தாவுக்குப் பின் ஆசியப் பந்தயத்தில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் பெற்றதில்லை. 1970-இல் ஒரு வெண்கலத்தோடு பதக்க வரலாறு முடிந்தது. ஒலிம்பிக்கில் ரோமுக்குப் பின் நம் அணி ஆடியதே இல்லை. இதற்குக் காரணம் பல கூறுவர். பிற ஆசிய நாடுகள் விரைந்து முன்னேறின. நாம் அவ்வளவு விரையவில்லை. ஆயினும் நம் கைக்கு எட்டிய காரணம் ஒன்றும் உண்டு. எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் பிள்ளையை மைதானத்திலிருந்து அழைத்து வந்து நாற்காலியிற் கட்டிவிடும் வழக்கமே அது. படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெளியூரில் வேர் பிடிக்க வந்த குடும்பங்களுக்குப் படிப்பே நிலமும் வீடும். ஆனால் தோற்கக் கற்காத படிப்பு அரைப் படிப்பு. தோல்வியை வீட்டில் சொல்லக் கூசி உள்ளுக்குள் வாடும் பிள்ளைகளை இக்காலத்தில் எங்கும் காண்கிறோம். ஆடுகளத்தில் ஒரு வாரம் தோற்று மறுவாரம் மீண்டும் இறங்கப் பழகிய பிள்ளைக்கு ஒரு தேர்வுத் தாள் உலகத்தின் முடிவாகத் தோன்றாது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைத்து இவ்வுரையை முடிக்கிறோம். ஆண்டுதோறும் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர்க்கு இம்மேடையில் பரிசு தருகிறோம், அது தொடர்க. அதனோடு இரண்டு செயல்கள் வேண்டும். ஒன்று, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஆடுவதற்கு அண்மையில் ஒரு திடலைப் பேசி அமர்த்துதல். அண்டை வீட்டு வங்காளப் பிள்ளைகளையும் அழைத்தல். பந்துக்கு மொழி இல்லை. மற்றொன்று, ஆண்டு முழுதும் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து ஆடிய பிள்ளைக்கு, வென்றாலும் தோற்றாலும், இதே மேடையில் ஒரு பரிசு தருதல். அப்பரிசுக்குச் சைலேன் மன்னாவின் பெயரைச் சூட்டலாம். பொற்பதக்கம் பெற்றவர் என்பதற்காக மட்டும் அன்று; பெனால்டி உதையைத் தவறவிட்டு மறுபடியும் களத்தில் இறங்கியவர் என்பதற்காக.

நமக்குச் சோறிட்ட இந்த ஊருக்கு நாம் செலுத்தும் நன்றிகளுள் அது ஒன்றாக அமையும். வாழ்க ஹவுரா! வளர்க நம் தமிழ்ச் சங்கம்!